வெள்ளைப் பக்கம்

ஜூலை 8, திங்கள்

மூன்றாம் பீரியடை இன்றும் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டார் என்று எழுதுவது மரியாதைக்காக. பிடுங்கிக்கொண்டார். ஓவிய வகுப்பு என்றாலே எல்லாருக்கும் இளக்காரம். வாரத்தில் மூன்று அரைநாள் வருகிற பகுதிநேர ஆசிரியை யாரிடம் போய் முறையிடுவது? பதினோரு வருடமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன். முப்பிடாதி என்கிற என் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி நான் ‘டிராயிங் டீச்சர்.’

மதியம் தலைமையாசிரியை எமரென்ஸ் அம்மா கூப்பிட்டு அனுப்பினார். சமூக அறிவியல் எடுக்கும் சண்முகவடிவு டீச்சரும் அங்கே இருந்தார். ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் ஜூன் மாதம் சேர்ந்த ரெக்ஸிலினைப் பற்றிப் பேச்சு. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாத பிள்ளை. எட்டாம் வகுப்பு வரை வெளியூரில் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தவள். போன வருடம் அவள் அம்மா இறந்துவிட்டதால், அப்பாவைத் தனியாக விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று அடம்பிடித்து இங்கே வந்திருக்கிறாள்.

“பாடமெல்லாம் கேட்டே பிடிச்சுக்கிடுதா. மேப்புக்கு நான் என்ன செய்ய? கையப் பிடிச்சு காத்துலயா வரைய?” என்றார் சண்முகவடிவு டீச்சர்.

“காலாண்டு வரைக்கும் பாப்போம்” என்றார் எமரென்ஸ் அம்மா. “மத்த பிள்ளைய செய்யுத வேலைய இவளும் செஞ்சா இங்க இருக்கட்டும். முடியலன்னா பழைய ஹாஸ்டலுக்கே போயிரணும். அவ அப்பாட்டயும் சொல்லியாச்சு.” பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க கைவேலைல கெட்டிக்காரி. தொட்டுப் பாக்குத மாதிரி ஒரு மேப் போட்டுத் தாங்களேன்.”

யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். பதினோரு வருடத்தில் ஒரு வேலைக்கு நான்தான் வேண்டும் என்று கேட்டது இதுவே முதல் முறை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை.

ஜூலை 9, செவ்வாய்

தண்ணீர் வரும் நாள். குடம் குடமாகப் பிடித்து வைத்ததிலேயே காலை போய்விட்டது.

ஜூலை 13, சனி

மேப் முடிந்தது. தமிழ்நாட்டு அச்சுப்படத்தைக் கார்பன் வைத்து சார்ட் அட்டையில் நகலெடுத்தேன். அட்டைக்கு அடியில் பழைய ரப்பர் பாயைப் போட்டேன். துணியில் அடையாளம் வைக்கத் தையல்காரர்கள் உருட்டுகிற சின்னப் பல்சக்கரத்தைப் பக்கத்து வீட்டு பெனடிக்டா அக்காவிடம் கடன் வாங்கி, கோட்டின் மேல் அழுத்தி உருட்டினேன். அட்டையின் மறுபக்கத்தில் கோடு முழுக்கப் புள்ளி புள்ளியாகப் புடைத்துக்கொண்டு வந்தது. ஊர்களுக்கு மூடின பேனாவால் கொஞ்சம் பெரிய அழுத்தல். எனக்கே என் மூளையை மெச்சத் தோன்றியது.

முன்பக்கம் வெறுங்கோடாக இருப்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. வண்ணம் தீட்டிவிட்டேன். கடலுக்கு இரண்டு நீலம், மலைக்கு மூன்று பச்சை, மதுரையில் ஒரு கோபுரம், தூத்துக்குடிக்கு நேரே ஒரு குட்டிக் கப்பல். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “கண்ணு தெரியாத பிள்ளைக்கு எதுக்கு இவ்வளவு கலரு?” என்றார். உப்புக் கம்பெனியில் மூட்டை எண்ணுகிறவருக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது.

ஜூலை 15, திங்கள்

காமராசர் பிறந்தநாள் விழாவுக்கு மாலை கட்டும் நேரத்தில் எல்லாரும் மேப்பைப் பார்த்தார்கள். எமரென்ஸ் அம்மா கப்பலைப் பார்த்துச் சிரித்தார். கணக்கு டீச்சர்கூட “அழகா இருக்கே!” என்றார். அப்புறம் அட்டையைப் புரட்டி மேஜையில் வைத்து ரெக்ஸிலினிடம் கொடுத்தேன். மேல்பக்கம் வடக்கு, வலது கைப்பக்கம் கிழக்கு, இடது கைப்பக்கம் மேற்கு என்று சொல்லிக் கொடுத்தேன். பத்து விரலையும் அட்டையில் பரப்பி ரொம்ப நேரம் தடவினாள்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு டீச்சர்.”

ஜூலை 24, புதன்

ஒன்பது நாளில் முப்பது ஊர்களைப் பிடித்துவிட்டாள். பேர் சொன்ன மாத்திரத்தில் விரல் அந்தப் புடைப்பில் போய் நிற்கிறது. எனக்கே பாதி ஊர் பார்க்காமல் தெரியாது.

ஜூலை 31, புதன்

மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பள்ளிக்கு வர அரை மணி தாமதம். ரெக்ஸிலின் ஓவிய அறை வாசலில் காத்திருந்தாள்.

“டீச்சர், வலது கைப்பக்கம் கிழக்குதானே?”

“ஆமா.”

“எல்லா மேப்புலயுமா?”

“எல்லா மேப்புலயும்தான். இதுல என்ன சந்தேகம் ஒனக்கு?”

கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னேன். அவள் சரி டீச்சர் என்று போய்விட்டாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருவிழா விடுமுறை. பெனடிக்டா அக்கா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

எழுத மனமில்லை.

சண்முகவடிவு டீச்சர் வாய்மொழித் தேர்வு வைத்தார். “உங்க சிஷ்யை எப்படிச் சொல்லுதான்னு வந்து பாருங்க” என்று என்னையும் அழைத்தார். பெருமையாகத்தான் போய் வாசலில் நின்றேன். ரெக்ஸிலின் அட்டையை விரித்து வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“மேப்ப வச்சுச் சொல்லு. தமிழ்நாட்டுக்குக் கிழக்கே என்ன இருக்கு?”

அவள் விரல் வலது ஓரத்துக்குப் போனது. கொஞ்சம் தயங்கியது.

“கேரளா டீச்சர்.”

நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். காலையில் எழுந்தால் கடலிலிருந்து சூரியன் ஏறி வருகிற ஊர் இது. இங்கே பால்வாடிப் பிள்ளைக்குத் தெரியும் கிழக்கே கடல் என்று. “அப்போ மேற்க?” என்று கேட்டார் டீச்சர். “வங்காள விரிகுடா” என்றாள். இன்னும் பெரிய சிரிப்பு. ரெக்ஸிலின் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தாள். சண்முகவடிவு டீச்சர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஏதோ சின்னக் குழப்பம். பிள்ளைக்குப் பதற்றமாக இருந்திருக்கும். எமரென்ஸ் அம்மா, “இப்பவே ஹாஸ்டலுக்கு எழுதிப் போட்டுரலாமா?” என்று கேட்டாராம். காஸ் சிலிண்டர் வேறு தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 14, புதன்

குழப்பம் பிள்ளைக்கு இல்லை.

மனசு கேட்காமல் இன்று அட்டையை எடுத்து, புடைத்த பக்கத்தின் மேல் மெல்லிசுத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். சின்ன வயதில் நாணயத்தின் மேல் தேய்ப்போமே, அந்த மாதிரி. புள்ளிகள் கறுப்பாக எழுந்து வந்தன. தமிழ்நாடு வந்தது. கண்ணாடியில் தெரிகிற தமிழ்நாடு. கடல் இடப்பக்கம், மலை வலப்பக்கம்.

முன்பக்கத்தில் கோட்டை அழுத்தினால் பின்பக்கத்தில் இடம் வலமாக மாறித்தானே புடைக்கும்? நேராக வரைந்த படத்தைத் திருப்பி வரைந்துவிட்டு அழுத்தியிருக்க வேண்டும். ஓவியத்தில் டிப்ளமா வாங்கியவளுக்கு இது தெரியவில்லை. வண்ணப் பக்கத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன்! தூரத்தில் வைத்துப் பார்த்தேன், வெயிலில் வைத்துப் பார்த்தேன். வெள்ளைப் பக்கத்தை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு இருந்ததே அந்த ஒரு பக்கம்தான்.

அவள் அன்று சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. என் மேப்பில் உள்ளதை அப்படியே சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றம். எமரென்ஸ் அம்மா பக்கத்திலேயே நின்றேன். சொல்லவில்லை. கூட்டமாக இருந்தது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ரெக்ஸிலின் தனக்குக் கிடைத்த இரண்டு மிட்டாயில் ஒன்றை எனக்குத் தந்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 17, சனி

பொறுக்க முடியாமல் கடற்கரைத் தெருவில் உள்ள அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா தொம்மை நாட்டுப்படகில் போகிறவர். வாசலில் வலையைப் பரப்பிக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். ரெக்ஸிலின் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆம், அவள்தான் கோத்தாள்.

வழி நெடுகப் பேச்சைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். பாதிதான் சொன்னேன்.

“தெரியும் டீச்சர்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“மேப் புரண்டு கெடக்குன்னு. மொத வாரத்துலயே தெரியும்.”

தொம்மைதான் சிரித்துக்கொண்டே விளக்கினார். “நடக்கப் படிச்சதுலேர்ந்து காத்த வச்சுத்தான் இவளுக்குத் தெச சொல்லிக் குடுத்தது டீச்சர். இப்ப அடிக்கது என்ன காத்துட்டீ?”

“கச்சான். மேக்கேருந்து வருது. முதுகுல கச்சான் பட்டா மூஞ்சிக்கு நேரா கடலு” என்றாள். “உங்க மேப்புல கச்சான் பக்கத்துல கடலு இருந்துச்சு. ஒருவேள மேப்புன்னா அப்படித்தானோன்னு நெனச்சுத்தான் அன்னைக்கு உங்கள்ட்ட கேட்டேன்.”

நான் எரிந்து விழுந்த நாள் அது.

“பின்ன ஏன் தப்புன்னு சொல்லல?”

“பழைய ஸ்கூல்ல ஒரு சார் கம்பிய வளச்சு வட்டம், முக்கோணமெல்லாம் செஞ்சு தந்தாவ. சரியா இல்ல சார்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம் அவிய எதுவுமே செய்யல. செஞ்சு தாரதே பெருசு, அதுல குத்தம் வேறயான்னு வார்டன் ஏசினாவ.”

“சரி. அன்னைக்கு வகுப்புல? கிழக்கே கடலுன்னு ஒனக்குத் தெரியும்லா?”

நூலை விரலில் சுற்றினாள். “நீங்க வாசல்ல நின்னிய டீச்சர். வளையல் சத்தம் கேட்டுச்சு. மேப்ப வச்சுச் சொல்லுன்னாவ. நான் கடலுன்னு சொன்னா, எல்லார் முன்னாலயும் உங்க மேப் தப்புன்னு சொன்ன மாதிரில்லா ஆயிரும்.”

தொம்மை வலையை விட்டுவிட்டு மகளையே பார்த்தார். அவருக்கும் இது புதுசு போலிருக்கிறது. நான் டீயைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன். எனக்காக ஒரு பதினாலு வயதுப் பிள்ளை நாற்பது பேர் சிரிப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறாள். நானோ நான்கு நாளாகச் சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஒன்பது பி-யில் போய்ச் சொன்னேன். பென்சிலால் தேய்த்த தாளைத் தூக்கிக் காட்டினேன். “மேப்பப் போட்டது நான். புரட்டிப் போட்டதும் நான். அன்னைக்கு நீங்க என்னப் பாத்துத்தான் சிரிச்சிருக்கணும்” என்றேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் சண்முகவடிவு டீச்சர், “இதப் போய்ப் பிள்ளையள்ட்ட சொல்லணுமா? நாளைக்கு நான் நடத்துததையும் சந்தேகப்படும்ங்க” என்றார்.

“படட்டும்” என்றேன்.

எமரென்ஸ் அம்மா லேசில் நம்பவில்லை. “நெசமாவே மேப் தப்பா, இல்ல அந்தப் பிள்ளையக் காப்பாத்துதியளா? ஒரு மேப்ப மனப்பாடம் பண்ணிச் சொல்லுதது படிப்பு இல்ல டீச்சர். காலாண்டு முடியட்டும், நானே உக்காந்து பாக்கேன்” என்றார்.

பார்க்கட்டும். அதற்குள் ஒழுங்கான மேப்புகள் செய்தாக வேண்டும். வண்ணப் பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, சனி

துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு என் மேப்பை நானே தடவிப் பார்த்தேன். ஆறு, எல்லை, ரயில் பாதை எல்லாம் ஒரே புள்ளி. ஈரோட்டைத் தேடி ஓசூரில் போய் நின்றேன். முப்பது ஊரை இதில்தான் அவள் படித்தாள். எப்படிப் படித்தாளோ!

இனி ஒரு மேப்பில் ஒரே ஒரு விஷயம். கடற்கரைக்குத் தடித்த கயிறு, மாநில எல்லைக்கு மெல்லிய கயிறு, ஆற்றுக்கு வழுவழுப்பான நூல், ஊருக்கு உளுந்து. எல்லாம் ஒரே பக்கத்தில், மேலே ஒட்டுவது. திருப்புகிற வேலையே வேண்டாம்.

ஆகஸ்ட் 28, புதன்

மைதாப் பசைக்கு எறும்பு வந்து உளுந்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. விழுப்புரத்தைக் காணோம். இனி சட்டைப் பொத்தான்தான்.

செப்டம்பர் 4, புதன்

மேப்பு சரியாக வருகிறது. பிள்ளைதான் சரியாக வரமாட்டேன் என்கிறாள். எதைக் கொடுத்தாலும் “நல்லா இருக்கு டீச்சர்.” சோதித்துப் பார்க்க இன்று வேண்டுமென்றே மதுரையைத் திருச்சிக்கு வடக்கே ஒட்டிக் கொடுத்தேன். விரல் அங்கே ஒரு கணம் நின்றது. எனக்குத் தெரிந்தது.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு டீச்சர்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “இனிமே நல்லா இருக்குன்னு ஒரு தடவ சொன்னா அடுத்த மேப் கெடையாது. தப்புன்னு சொன்னாத்தான் கெடைக்கும், பாத்துக்கோ!” என்று கத்தினேன். சிரித்தாள். ஆனால் சொல்லவில்லை.

பழைய பள்ளியில் பட்ட சூடு அவ்வளவு சீக்கிரம் ஆறாது. நானும் விடப்போவதில்லை.

செப்டம்பர் 11, புதன்

ஓர் ஆச்சரியம். பீகாரிலிருந்து அனல்மின் நிலைய வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை கும்கும், தமிழ் வாசிக்கத் திணறுகிறவள், ரெக்ஸிலின் பக்கத்தில் உட்கார்ந்து நூலைத் தடவிக்கொண்டே ஆறுகளின் பெயரைச் சொல்கிறாள். கடைசி பெஞ்சிலிருந்து இன்னும் நாலு பேர். மேப்புக்கு அடிதடி. சண்முகவடிவு டீச்சர் ஓவிய அறைக்கு வந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “இன்னொரு செட்டு கெடைக்குமா?” என்று கேட்டார். ஒரு டீ வாங்கித் தந்தால் கிடைக்கும் என்றேன். வாங்கித் தந்தார்.

செப்டம்பர் 25, புதன்

காலாண்டில் சமூக அறிவியல் தேர்வு. ரெக்ஸிலின் சொல்லச் சொல்ல வேறொரு பிள்ளை எழுதினாள். மேப் கேள்வியை அவளிடம் கேட்காமலேயே, அதற்குப் பதிலாக வேறு கேள்வியைக் கொடுத்துவிட்டார்கள். மார்க் வந்துவிடும். ஆனால் எமரென்ஸ் அம்மா கேட்டது மார்க் இல்லையே. “லீவு முடிஞ்சு ஒம்பதாம் தேதி, அவ அப்பாவயும் வரச் சொல்லுங்க” என்றுவிட்டார்.

அக்டோபர் 5, சனி

பிள்ளைகள் தடவித் தடவித் தேய்ந்துபோன ஏழு மேப்புகளையும் புதிதாகச் செய்கிறேன். வீடு முழுக்கக் கயிறு. என் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டார். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை. நூல் தீர்ந்ததும் கடைக்கு அவரே போனார்.

அக்டோபர் 9, புதன்

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினொரு மணிக்கு எமரென்ஸ் அம்மாவின் அறை. தொம்மை வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. விடுதிக்கான கடிதம் டைப் அடித்து, கையெழுத்து மட்டும் போடாமல் மேஜைமேல் இருந்தது. சண்முகவடிவு டீச்சர் தானாகவே வந்து என் பக்கத்தில் நின்றார்.

அம்மா ஒவ்வொரு மேப்பாகக் கொடுத்துக் கேட்டார். கடற்கரை, மலை, மாவட்டம், துறைமுகம். நாலுக்கும் ரெக்ஸிலின் விரல் தடுமாறவில்லை. ஐந்தாவது ஆறுகள் மேப்.

“தாமிரபரணி எங்க போய்க் கடல்ல சேருது? காட்டு.”

விரல் பொதிகையில் தொடங்கி நூலோடு இறங்கியது. திருநெல்வேலியைத் தாண்டியது. ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டியது. நின்றது.

அப்போதுதான் நானும் பார்த்தேன். கடற்கரைக் கயிற்றுக்கு ஒரு விரற்கடை முன்னால் நூல் முடிந்திருந்தது. சனிக்கிழமை நூல் தீர்ந்தபோது, அப்புறம் ஒட்டலாம் என்று விட்டதை மறந்தே போயிருக்கிறேன்.

ஆறு கடலில் சேர்கிற புன்னைக்காயல்தான் அவள் அம்மா பிறந்த ஊர். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். சொல்லிவிடு தாயே, விரலைத் தள்ளி வைத்துவிட்டுப் பேரைச் சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஒரு மாதமாகத் தப்பைச் சொல் சொல் என்று அவளைப் படுத்தியவள், அந்த நேரத்தில் இப்படித்தான் கெஞ்சினேன். மறைக்க ஒன்றுமில்லை.

ரெக்ஸிலின் அந்த இடத்தை இன்னும் இரண்டு தடவை தடவினாள். நிமிர்ந்தாள்.

“அம்மா, இந்த மேப் தப்பு.”

“என்னது?”

“ஆறு கடல்ல போய்ச் சேரல. முன்னாலயே நின்னுட்டு. புன்னக்காயல்ல சேரணும். டிராயிங் டீச்சர் நூல விட்டுட்டாவ.”

“ஏ பிள்ள! டீச்சரப் போயி…” என்று தொம்மை பதறினார்.

எமரென்ஸ் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேப்பைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, விரலால் தேடினார். கொஞ்ச நேரம் பிடித்தது. ரெக்ஸிலின் கை நீட்டி அவர் விரலைச் சரியான நூலில் எடுத்து வைத்தாள்.

“ஆமா” என்றார். “நிக்குது.”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மனப்பாடம் பண்ணின பிள்ளன்னா நான் கேட்டதுமே புன்னக்காயல்னு சொல்லியிருக்கும்” என்று சண்முகவடிவு டீச்சரிடம் சொன்னார். கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடையில் போட்டார். “வர வருசம் பத்தாங் கிளாசும் இங்கதான்” என்று தொம்மையைப் பார்த்துச் சொன்னார். தொம்மை அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சண்முகவடிவு டீச்சர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், பிள்ளையள் முன்னால் அழாதிய என்று. பிள்ளை என்று அங்கே இருந்தது ஒருத்திதான், அவளுக்கு நான் அழுவது கேட்டிருக்கும்.

“சரி, வேற ஏதும் தப்பு இருக்கா?” என்று அம்மா கேட்டார். பாதி விளையாட்டாகத்தான் கேட்டார்.

ரெக்ஸிலின் என் பக்கம் திரும்பினாள்.

“சொல்லட்டா டீச்சர்?”

“சொல்லு.”

“ஜூலை மாசத்துலேர்ந்தா?”

நான் பேனாவைத் திறந்தேன். மணி அடித்தும் அவள் நிறுத்தவில்லை. மூன்று பக்கம் எழுதினேன்.